மாமாவின் சி டிரைவ்

அத்தைதான் முதலில் சொன்னார். கூடத்தில் மாமா தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சமையலறையில் தோசைக்கரண்டியோடு நின்ற அத்தை, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அந்தப் பொட்டிக்குள்ள ஹெட் தட்டுது. ரொம்ப நாள் தாங்காது" என்றார். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்தச் சத்தம் அத்தைக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் உலகிலேயே அதிகமாக ஹார்ட் டிஸ்க் செய்த இடம் சிங்கப்பூர். 1982இல் சீகேட் இங்கே தொழிற்சாலை போட்டது, பின்னாலேயே மற்ற நிறுவனங்களும் வந்தன. அப்படியொரு தொழிற்சாலையில் அத்தை பதினோரு வருடம் வேலை பார்த்தார். கண் மட்டும் தெரியும் வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு, டிஸ்கில் பதிந்ததைப் படிக்கும் ஹெட்டுகளை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துச் சோதிக்கும் வேலை. "ஒரு தூசி போதும், மொத்த டிஸ்கும் குப்பை" என்று இன்றைக்கும் சொல்வார். வீட்டில் மின்விசிறி இறக்கைகளை வாரம் தவறாமல் துடைப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பது என் கணிப்பு.

அங் மோ கியோவில் அவர்களுடைய மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், சாமி அலமாரிக்குப் பக்கத்து மேசையில் நிற்கும் அந்தப் பெட்டி 2012இல் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்தில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. மூன்றாம் தலைமுறை ஐ5, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், மாமா விடாப்பிடியாகக் கேட்டுப் போட்டுக்கொண்ட ஒரு சவுண்ட் பிளாஸ்டர் அட்டை. ("நம்ம ஊர்ல செஞ்சதுடா" என்பார். கிரியேட்டிவ் நிறுவனத்தின்மேல் அந்தத் தலைமுறைக்கு ஒரு தனிப் பாசம்.) முதலில் விண்டோஸ் 7, 2016இல் இலவசமாகக் கிடைத்த காலத்தில் விண்டோஸ் 10. அதோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போட எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும், பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் 2.0 சில்லும் வேண்டும். மாமாவின் பெட்டியில் இரண்டும் கிடையாது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. தீபாவளி 20ஆம் தேதி. இடைப்பட்ட அந்த வாரத்தில்தான் ஹெட் தட்டியது.

குடும்பத்தின் கணினி வைத்தியன் நான். படித்ததும் பார்ப்பதும் கணக்குவேலை, ஆனாலும் யார் வீட்டில் வைஃபை நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். "புதுசா ஒண்ணு வாங்கிடலாம் மாமா. விண்டோஸ் புதுசா போட்டு உங்க கோப்பையெல்லாம் மாத்திக் குடுத்துடறேன்" என்றேன். பொதுவாக நான் யாருக்கும் சொல்வது அதுதான், இன்றும் அதையே சொல்வேன்.

"கோப்பு மட்டும் இல்லப்பா. எனக்கு இந்தக் கம்ப்யூட்டர்தான் வேணும். வேற பொட்டியில வெச்சுக் குடு."

இதைப் பிடிவாதம் என்று முதலில் நினைத்தேன். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபிறகுதான் அவர் எதைச் சொல்கிறார் என்று புரிந்தது. மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தொண்ணூறுகளின் நடுவிலிருந்து எழுதிய கட்டுரைகள், பயிற்சித்தாள்கள், கோயில் மலர்களுக்கு எழுதியவை எல்லாம் அந்த வட்டில் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு குறியீட்டில் இல்லை, திஸ்கி. தொண்ணூறுகளின் இறுதியில் உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் பேசிப் பேசி உருவாக்கிய குறியீட்டு முறை அது. 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைப் பற்றியும், இணையத்தில் தமிழை ஏற்ற முன்னால் நின்ற நா. கோவிந்தசாமியைப் பற்றியும் மாமா பேச ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

திஸ்கிக் கோப்பை அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடிக்கையாக இருக்கும். ஐரோப்பியக் குறிகள் இருந்த இடங்களில்தான் தமிழை உட்கார வைத்தார்கள். அதனால் 'ட' இருக்கவேண்டிய இடத்தில் கால் என்ற பின்னக்குறி நிற்கும். 'ண' அரை. 'த' முக்கால். 'ந' தலைகீழான கேள்விக்குறி. மாமாவின் கணினியில் அந்த எழுத்துருக்கள் இருந்தன, தட்டச்சு மென்பொருள் இருந்தது, வேர்டில் இருபது வருடமாகச் சேர்த்த தானியங்கித் திருத்தங்கள் இருந்தன, எந்தக் கோப்பை இரண்டு முறை சொடுக்கினால் எந்தப் பழைய நிரல் எழும் என்ற பழக்கம் இருந்தது. இதையெல்லாம் கோப்பாக எடுத்துப் போகமுடியாது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி, எழுத்துருக் கோப்புறையில் நாலு கோப்பு, மறைந்திருக்கும் ஒரு டெம்ப்ளேட் என்று எங்கெங்கோ சிதறிக் கிடப்பவை. முழு சி டிரைவையும் அப்படியே பெயர்த்துக்கொண்டு போனால்தான் உண்டு.

சரி, குளோன், அதாவது முழு வட்டின் அச்சு நகல் என்று முடிவானது.

குளோன் செய்வது கடினமே இல்லை. வட்டின் முதல் செக்டரிலிருந்து (செக்டர் என்பது வட்டின் மிகச் சிறிய கட்டம்) கடைசிவரை இன்னொன்றில் எழுதினால் ஆயிற்று. இலவசமாக வேண்டுமென்றால் தைவானில் உருவான குளோன்ஜில்லா இருக்கிறது. ஒரு பென்டிரைவிலிருந்து எழுப்பினால் கறுப்புத் திரையில் கேள்வி கேட்டு வேலையை முடித்துக் கொடுக்கும். புது வட்டு பழையதைவிட ஒரு பைட்டுகூடச் சிறியதாக இருக்கக்கூடாது என்பதை மட்டும் நான் ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டேன். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகம் இல்லாத வட்டு) மாற்றப்போய், "அதில் பாதிகூட நிரம்பவில்லையே" என்று வாதாடிக்கொண்டிருந்தேன். செக்டர் கணக்கில் பார்க்கும் நிரலுக்கு வட்டு நிரம்பியிருக்கிறதா காலியா என்பதெல்லாம் அப்புறம்தான். இடம் போதுமா என்பதுதான் முதல் கேள்வி. முன்கூட்டியே பகுதிகளைச் சுருக்கி, வட்டின் அளவைச் சோதிக்காதே என்ற தேர்வையும் போட்டிருந்தால் அந்தச் சிக்கலைத் தாண்டியிருக்கலாம்.

இந்தத் தடவை எனக்கு வேறு கவலை. தட்டும் ஹெட்டை வைத்துக்கொண்டு வழக்கமான குளோன் நிரலை ஓட்டினால், படிக்கமுடியாத ஒரு செக்டரில் மாட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப முயன்று இருக்கும் உயிரையும் வாங்கிவிடும். அதற்கென்றே இருப்பது குனு டிடிரெஸ்கியூ. நன்றாகப் படிக்கமுடிகிற பகுதிகளை முதல் சுற்றில் எடுத்து வைத்துவிட்டு, தகராறு செய்யும் இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும். எங்கே விட்டது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்தித் தொடரவும் முடியும். பொறுக்கியெடுக்கும் புத்தி உள்ள நிரல்.

மேசைக் கணினியின் மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி கம்பி மட்டும் போட்டால் சுழலாது, தனி மின்பொருத்தி உள்ள அடாப்டர் தேவை. அதையும், என்விஎம்இ என்ற வேகமான புதுவகை எஸ்எஸ்டியைச் செருகும் சிறிய உறை ஒன்றையும் வாங்க ரோச்சோர் ரயில் நிலையத்தில் இறங்கி சிம் லிம் போனேன். கடைக்காரர், என் அப்பா வயது இருக்கும், எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அடாப்டரை நாளிதழில் சுற்றிக்கொண்டே, "காப்பி ஈசி லா. பூட் அதர் ஸ்டோரி" என்றார். நகலெடுப்பது சுலபம், அதை எழுப்புவது வேறு கதை என்று அர்த்தம். மூன்று நாளில் நான் கற்றுக்கொண்டதை அவர் முன்பணமாக அங்கேயே கொடுத்துவிட்டார். நான்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

புதுப் பெட்டி என்று நான் சொல்வது உண்மையில் பழையது. ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்துவிடப்பட்டு மறுவிற்பனைக்கு வந்த மினி கணினி, பன்னிரண்டாம் தலைமுறைச் செயலி, 512 ஜிபி என்விஎம்இ. மாமாவின் பழைய டவர் இருந்த இடத்தில் இதை வைத்தால் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கும் வைக்கலாம். அத்தைக்கு அதில் திருப்தி.

டிடிரெஸ்கியூ இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. முதல் சுற்று இரண்டு மணி நேரத்தில் முடிந்து, மிச்சமிருந்த துண்டுகளைக் காலைவரை மென்றுகொண்டிருந்தது. அத்தை நடுவில் இரண்டு முறை எழுந்து வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனதாக மாமா சொன்னார். காலையில் பார்த்தால் படிக்கமுடியாமல் போனது 48 கேபி. எந்தக் கோப்பின் 48 கேபி என்பது இன்றுவரை தெரியவில்லை. இதுவரை எதுவும் தொலைந்ததாக மாமா சொல்லவில்லை.

எஸ்எஸ்டியை மினியில் மாட்டி பொத்தானை அழுத்தினேன். துவக்கக்கூடிய சாதனம் எதுவும் இல்லை என்று வந்தது.

இது எதிர்பார்த்ததுதான். மாமாவின் வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டது, பழைய பயாஸ் (பொத்தானை அழுத்தியதும் கணினியை எழுப்பும் அடிப்படை நிரல்) முறையில் எழுவது. வட்டின் முதல் செக்டரில் உள்ள சிறு நிரலை பயாஸ் எடுத்து ஓட்டும், அது அடுத்ததை எழுப்பும். இப்போது வரும் கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த வழியே அடைபட்டுவிட்டது. அவை பயாஸுக்கு அடுத்து வந்த யூஇஎஃப்ஐ. முதல் செக்டரைப் பார்க்காமல், ஜிபிடி முறையில் பிரித்த வட்டில் ஃபேட்32 வடிவத்தில் ஒரு சின்னப் பகுதியைத் தேடி, அதற்குள் இருக்கும் பூட் கோப்பைத் திறக்கும். மாமாவின் குளோனில் அப்படியொரு பகுதியே கிடையாது. பைட்டுக்கு பைட் சரியான நகல். ஆனால் புதுக் கணினி தேடுகிற வாசல் அதில் இல்லை.

இதற்கு மைக்ரோசாஃப்ட்டே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை 2017இலிருந்து விண்டோஸோடு தருகிறது. கோப்புகளை அழிக்காமல் வட்டின் பிரிப்பு முறையை மாற்றிக் கொடுக்கும். இதை எப்போதும் நகலில்தான் செய்யவேண்டும். மூலத்தில் செய்துவிட்டால், பழைய கணினியின் பயாஸ் பிறகு அதை எழுப்பாது, திரும்பிப்போக வழியில்லாமல் ஆகிவிடும். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைச் செருகி, கட்டளைச் சாளரத்தைத் திறந்து, வட்டுகளைப் பட்டியலிடச் சொன்னேன்.

பென்டிரைவ் மட்டும் தெரிந்தது. எஸ்எஸ்டி இல்லை.

இங்கேதான் ஒரு முழு மாலை போயிற்று. எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டினேன். உறையில் போட்டு மடிக்கணினியில் செருகினால் தெரிகிறது, மினிக்குள் போட்டால் மறைகிறது. வாங்கிய இரண்டு நாளில் மதர்போர்டு போய்விட்டது என்று மனத்துக்குள் கடைக்காரரோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டேன், பாவம். கீழே இறங்கி காப்பிக்கடையில் ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் விஎம்டி ஞாபகம் வந்தது. பதினோராம் தலைமுறையிலிருந்து இன்டெல் கணினிகள் பலவற்றில், என்விஎம்இ வட்டுகள் செயலிக்குள் இருக்கும் ஒரு கட்டுப்படுத்தியின் பின்னால் மறைந்து நிற்கும். அதற்கான டிரைவர் (சாதனத்தை இயக்கும் சிறு நிரல்) இல்லாத விண்டோஸுக்கு அந்த வட்டு இருப்பதே தெரியாது. பல வட்டுகளைச் சேர்த்து ரெய்டு போடுகிறவர்களுக்கு அது உதவும். ஒரே வட்டு வைத்திருக்கும் தமிழ் வாத்தியாருக்கு எதற்கு? பயாஸுக்குள் போய் அதை அணைத்தேன். வட்டு வந்துவிட்டது. அமைப்பைப் பார்க்காமல் பொருளைக் குறை சொன்னது நான்தான்.

எம்பிஆர்2ஜிபிடி சரிபார்ப்பிலேயே நின்றது. வட்டில் மூன்று முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் விதி. மாமாவிடம் நாலு. விண்டோஸ் 7 போட்டபோது வந்த 100 எம்பி ஒதுக்கீட்டுப் பகுதி, சி, விண்டோஸ் 10க்கு ஏறியபோது நடுவில் முளைத்த 450 எம்பி மீட்புப் பகுதி, மாமா படங்கள் வைத்திருக்கும் டி. பதின்மூன்று வருட வரலாறு பகுதி பகுதியாகக் கிடக்கிறது. மீட்புப் பகுதி இல்லாமல் விண்டோஸ் எழும், ஆகவே நகலில் அதை மட்டும் அழித்தேன். அடுத்த முறை சரிபார்ப்பு தாண்டியது. அந்தப் பழைய 100 எம்பி பகுதியையே எடுத்துத் திருத்தி, யூஇஎஃப்ஐக்கான வாசலாக்கிக் கொண்டது கருவி. மாமாவின் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தது அதிர்ஷ்டம். 32 பிட் என்றால் அந்த இடத்திலேயே கடையைக் கட்டியிருக்கவேண்டும்.

மறுபடி பொத்தான். விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் சுற்றின. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீலத்திரை.

இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ். இந்தப் பெயரோடு எனக்கு இருபது வருடப் பழக்கம் உண்டு. எக்ஸ்பி காலத்தில் 0x7பி என்ற எண்ணோடு வரும். அப்போது என் வட்டை நண்பனின் கணினியில் மாட்டி எழுப்பப் பார்த்து, இரண்டு வார இறுதிகளைத் தொலைத்து, கடைசியில் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். எக்ஸ்பி தான் பிறந்த மதர்போர்டைத் தவிர வேறெதிலும் பெரும்பாலும் ஏற மறுக்கும். எட்டிலிருந்து வந்த விண்டோஸ்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். பென்டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் எழுப்பிக்கொள்ளும் விண்டோஸ் டு கோ என்ற வசதியையே சில காலம் அவர்கள் அதிகாரபூர்வமாகக் கொடுத்தார்கள். என்றாலும் ஒரு முடிச்சு மிச்சம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

விண்டோஸ் எழும்போது முதலில் பூட்லோடர்தான் வட்டைப் படிக்கிறது. அதற்கு யூஇஎஃப்ஐ உதவி செய்வதால் எந்த வட்டாக இருந்தாலும் பரவாயில்லை. கொஞ்ச தூரம் போனதும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல், "இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று தன் டிரைவரை வைத்து வட்டைப் பிடிக்கும். சின்னமும் புள்ளிகளும் வந்தபிறகு நீலத்திரை விழுவது இந்தக் கைமாற்றும் இடத்தில்தான். என்விஎம்இக்கான டிரைவர் விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. ஆனால் மாமாவின் கணினியில் பதின்மூன்று வருடத்தில் என்விஎம்இ வட்டு ஒன்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பயன்படாத டிரைவரை எதற்கு ஒவ்வொரு முறையும் எழுப்பவேண்டும் என்று விண்டோஸ் அதைத் தூங்க வைத்திருக்கிறது. வட்டு புது வீட்டுக்குப் போய்விட்டது. அதைப் பிடிக்கவேண்டிய டிரைவர் தூங்குகிறது. அதை எழுப்பச் சொல்லும் ஆணையும் அந்த வட்டுக்குள்ளேதான் கிடக்கிறது.

இதை அவிழ்க்கும் வழி கூச்சப்படும் அளவுக்கு எளிது. சிக்கல் நேரத்துக்கென்று குறைந்தபட்ச நிரல்களோடு எழும் சேஃப் மோடில் எழுந்தால் விண்டோஸ் இந்தத் தூக்கக் கணக்கைப் பார்க்காது. பூட்டுக்கான டிரைவர்கள் எல்லாவற்றையும் தட்டி எழுப்பிவிடும். ஒரு முறை அப்படி எழுந்து புது வட்டைப் பார்த்துவிட்டால், இது தேவைப்படுகிறது என்று குறித்துக்கொள்ளும். அடுத்த முறை சாதாரணமாகவே எழும். பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே, குளோன் எடுப்பதற்கு முன், பிசிடிஎடிட் கட்டளையில் 'சேஃப்பூட் மினிமல்' என்று ஒரு வரி போட்டு வைத்திருந்தால், குளோன் புது இடத்தில் முதல் தடவையே சேஃப் மோடில் எழுந்திருக்கக்கூடும். நான் போடவில்லை. பென்டிரைவிலிருந்து எழுப்பி, வாசல் பகுதிக்கு ஒரு எழுத்து கொடுத்து, அதற்குள் இருக்கும் பூட் பதிவேட்டைத் தேடிப்பிடித்து, அதில் அந்த வரியை எழுதினேன். எழுந்ததும் அந்த வரியை நீக்க மறக்கக்கூடாது, இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க சேஃப் மோடுதான்.

கறுப்புப் பின்னணியில் பெரிய பெரிய எழுத்துகளோடு மாமாவின் முகப்பு வந்தது. குறுக்குவழிகள் எல்லாம் கலைந்து இடப்பக்கம் குவிந்திருந்தன. "யாரு இப்படிக் கலைச்சது?" என்றார் மாமா. அடுத்த முறை சாதாரணமாக எழுந்தபோது, சாதனங்களைத் தயார் செய்கிறோம் என்று நூற்றுக்கணக்கில் எண்ணி முடித்துவிட்டு, எல்லாவற்றையும் இருந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. மாமா வேறெதுவும் சொல்லாமல் ஒரு பழைய கோப்பைத் திறந்தார். கால், அரை, முக்கால் எதுவும் இல்லை. தமிழ் நின்றது.

இதே வேலையை லினக்ஸில் செய்திருந்தால் இவ்வளவு எழுத விஷயம் இருந்திருக்காது. பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு வருகின்றன, எழும்போது எதிரில் இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். பகுதிகளையும் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணை வைத்து அடையாளம் காண்பதால் குளோனில் அதுவும் அப்படியே வந்துவிடும். யூஇஎஃப்ஐக்கு ஏற்ப பூட்லோடரை மாற்றிப் போடவேண்டும், நெட்வொர்க் அட்டையின் பெயர் மாறும், அவ்வளவுதான்.

நெட்வொர்க் என்றதும் ஞாபகம் வருகிறது. புது மினியின் கம்பி இணைப்புக்கும் வைஃபைக்கும் மாமாவின் விண்டோஸில் டிரைவர் இல்லை. டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். என் மடிக்கணினியில் இறக்கி தம்ப்டிரைவில் கொண்டுபோனேன். (தம்ப்டிரைவ் என்ற பெயரே 2000இல் ஒரு சிங்கப்பூர் நிறுவனம் வைத்தது என்று மாமாவிடம் சொல்லியிருக்கக்கூடாது. அடுத்த பத்து நிமிடம் அதுதான் பேச்சு.)

பிறகு உரிமம். வட்டைப் பெயர்க்கலாம், உரிமத்தை அப்படிப் பெயர்க்கமுடியாது. விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டது. எழுந்ததுமே, செயல்படுத்தப்படவில்லை என்று மூலையில் வந்து நின்றது. கடையில் தனியாக வாங்கிய உரிமம் என்றால் கூடவே எடுத்துப்போகலாம், கணினியோடு வந்தது என்றால் அது அந்தக் கணினியோடு போயிற்று. மினியின் மதர்போர்டில் பதிந்த ஃபெர்ம்வேரிலேயே தயாரிப்பாளர் எழுதி வைத்த சாவி ஒன்று இருந்தது, ஆனால் அது புரோ பதிப்புக்கு, மாமாவுடையதோ ஹோம். அந்தச் சாவியைக் கொடுத்து ஹோமைப் புரோ ஆக்கியதும் தகராறு தீர்ந்தது. அதற்குப் பிறகு விண்டோஸ் 11க்கு மேலேற்றினேன். அது ஒன்றரை மணி நேர வேலை, சொல்வதற்கு ஒன்றுமில்லை.

தீராதது ஒன்று உண்டு. 2009இல் மாமா காசு கொடுத்து வாங்கிய ஒரு தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள், கணினியின் அடையாளத்தைக் கேட்டு அதற்குரிய சாவியைத் தரும் வகை. நெட்வொர்க் அட்டையின் முகவரியை வைத்து அந்த அடையாளத்தைக் கணக்கிடுகிறது போலிருக்கிறது. குளோனில் சி பகுதியின் தொடர் எண்கூட அப்படியே வரும், ஆனால் நெட்வொர்க் அட்டை வேறுதானே. சாவி கேட்கிறது. கொடுக்க விற்றவர்கள் இப்போது இல்லை. நல்லவேளையாக எழுத்துருக்கள் எழுத்துருக் கோப்புறையில் தனியாக இருந்ததால் கோப்புகள் படிக்கக் கிடைக்கின்றன. புதிதாக எழுதுவதை யூனிகோடில் எழுதுங்கள் மாமா என்றேன். பழையவற்றை 'மாற்றி' (திஸ்கியை யூனிகோடாக்கும் நிரல்) வைத்து மாற்றித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். எத்தனை கோப்பு என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மடிக்கணினிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாமாவின் பழைய பெட்டியில் டிபிஎம் இல்லாததால் நான் தப்பித்த ஒன்று இது. என் சொந்த மடிக்கணினி வட்டை இரண்டு வருடத்துக்கு முன் மாற்றியபோது தப்பிக்கவில்லை. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் குறியாக்கம் நாம் கேட்காமலே போடப்பட்டிருக்கிறது. அதன் சாவி அந்தக் கணினியின் டிபிஎம்மில் இருக்கும். வட்டு வேறு கணினிக்குப் போனால், நீ யார் என்று 48 இலக்க மீட்பெண் கேட்கும், ஆறாறாக எட்டுக் கட்டம். என்னுடையது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று தேடியே ஒரு நாள் போனது. குளோன் எடுப்பதற்கு முன் குறியாக்கத்தை முழுதாக அவிழ்த்துவிடுவது நல்லது. குறைந்தபட்சம் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்த வட்டுக்குள்ளேயே ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன், என் தம்பி.

மூலத்தையும் நகலையும் ஒரே கணினியில் சேர்த்து எழுப்பக்கூடாது என்பதையும் சொல்லியாகவேண்டும். இரண்டுக்கும் வட்டின் அடையாளக் கையொப்பம் ஒன்றே என்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். அல்லது நீங்கள் நகல் என்று நினைத்து வேலை செய்வது மூலமாக இருக்கும். ஜிபிடிக்கு மாற்றியபிறகு அந்த மோதல் வராது என்றாலும் நான் இரண்டையும் ஒன்றாகச் செருகவில்லை. பயம்தான்.

தீபாவளி அன்று காலை போனபோது மாமா மினியில் உட்கார்ந்து வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச்சொல்லி, பழைய கணினியின் பேய்களை ஒவ்வொன்றாக நீக்க உட்கார்ந்தேன். சாட்டா கட்டுப்படுத்தி, பழைய வரைகலை அட்டை, எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டர். சவுண்ட் பிளாஸ்டருக்கு வந்தபோது மாமா என் கையைப் பிடித்தார். "அது இருக்கட்டும்பா. இடத்தையா அடைக்குது?" அடைக்கவில்லை. விட்டுவிட்டேன்.

பழைய டவரை மின்கழிவுப் பெட்டியில் போட எடுத்து வைத்திருந்தேன். ஹார்ட் டிஸ்க்கை முதலில் கழற்றிக்கொண்டவர் அத்தை. மென்துணியால் துடைத்து, ஒரு ஜிப்லாக் பையில் போட்டு, சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றும் உள்ளே வைத்து, அலமாரியில் நகைப்பெட்டிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார், படுக்க வைக்கவில்லை. பையின்மேல் பிளாஸ்டர் ஒட்டி அவர் கையெழுத்தில்: "2026 தீபாவளி வரை யாரும் தொடக்கூடாது."

மாற்றியில் இதுவரை நாற்பது கோப்பு முடிந்திருக்கிறது. மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம்.